ஆடை எடுத்த பாலில் சோள சூப்

நான் குடிப்பதில்லை. பீர்கூடக் கிடையாது. கல்லூரி முடிந்த நாளில் கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு நின்றபோது நான் கோலி சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்னாலே கேட்பவர்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

நோயின் பெயர் கணைய அழற்சி. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கும் உறுப்பு. சாப்பிட்டது செரிக்க, முக்கியமாகக் கொழுப்பு செரிக்க, அது ஒரு நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. ஏதோ கோளாறில் அந்த நீர் கணையத்துக்குள்ளேயே வேலையைக் காட்ட ஆரம்பித்தால் உறுப்பு வெந்து வீங்கிவிடும். நிறையக் குடிப்பவர்களுக்கு இது வரும். பித்தப்பையில் கல் இருந்து, அது நழுவி வந்து குழாயை அடைத்துக்கொண்டாலும் வரும். இந்த இரண்டாவது காரணத்தை நான் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். டிகிரியும் வாங்கிவிட்டேன். கடை முதலாளி வீட்டு நிச்சயதார்த்தத்தில் மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியிருந்த ஒரு மத்தியானம் வலி ஆரம்பித்தது. மேல் வயிற்றில் யாரோ கையை விட்டு முறுக்கிப் பிழிவது மாதிரி. அது நேராக முதுகுக்குப் பாய்ந்தது. படுக்க முடியவில்லை, நிமிர முடியவில்லை. மேஜைமேல் கவிழ்ந்து குனிந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எங்கே வலிக்கிறது என்பது அல்ல.

"குடிப்பியா?"

"இல்ல சார்."

"எவ்ளோ நாளா?"

இல்லை என்று சொன்னவனிடம் எவ்வளவு நாளாக என்று கேட்கிறார்! நான் மறுபடியும் இல்லை என்றேன். அவர் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரத்தத்தில் அமைலேஸ் என்று ஒன்றைப் பார்த்தார்கள். கணையம் வெந்தால் அது எகிறும். எனக்கு எகிறியிருந்தது. பிறகு வயிற்றில் பசைபோல எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தவர், "வயித்துல கேஸ் ஜாஸ்தி, சரியா தெரியல" என்று சொல்லி அப்படியே எழுதியும் கொடுத்தார். சரியாகத் தெரியவில்லை என்பதைப் பெரிய டாக்டர் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். கல் இல்லை என்றால் குடிதான். கேஸ் ஷீட்டில் குடியால் வந்தது என்று ஆங்கிலத்தில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். வந்த கோபத்தில் மூக்கில் விட்டிருந்த குழாயைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

வார்டுக்கு வெளியே நடையில் நிற்கவைத்து அப்பாவிடம் அவர் சொன்னது கட்டில்வரை கேட்டது. "ஒங்க புள்ள குடிச்சுக் குடிச்சு உள்ள எல்லாம் வெந்துபோச்சு. இனிமே தொட்டான்னா உசுருக்கு நான் கேரண்டி இல்ல." அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். என் பெரியப்பா குடித்தே செத்தவர். அவரைத் தோளில் போட்டு இதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர் அப்பா. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் கற்பூரமும் தேங்காயும் விற்கிற சின்னக் கடை அப்பாவுடையது. மறுநாள் காலையில் வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டி கற்பூரத்தை எடுத்துக் கட்டில் கம்பிமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது.

"மலையப் பாத்து அடிச்சு அணைடா. குடிக்கலன்னு சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசி வார்த்தை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சு இல்லை. வரப்புத் தகராறு, திருட்டுப் பழி எல்லாம் அப்படித்தான் முடியும்.

"நான் ஏன்ப்பா சத்தியம் பண்ணணும்? சொல்றேன் இல்ல, குடிக்கலன்னு."

"குடிக்கலன்னா அடிக்க வேண்டியதுதான? இன்னா பயம்?"

"பயம் இல்ல. அந்த டாக்டர அடிச்சு அணைக்கச் சொல்லு. அவருதான புதுசா ஒண்ணு சொல்றாரு."

அப்பா தீப்பெட்டியைத் தேடி எடுக்கும்போது நர்ஸம்மா பார்த்துவிட்டார். "யோவ், இன்னா இது? ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குது, வார்டையே கொளுத்தப் போறியா?" என்று கத்தியதும் அப்பா கற்பூரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தினமும் வந்தார், மருந்து வாங்கி வந்தார், கால்மாட்டில் உட்கார்ந்தார், போனார். நான் சத்தியம் செய்ய மறுத்ததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கூடாது என்று போர்டு மாட்டியிருந்தார்கள். கணையத்துக்கு ஓய்வு கொடுக்கத்தான் பட்டினி. கையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ்தான் சாப்பாடு. பக்கத்துக் கட்டிலில் மணி என்ற லாரி டிரைவர், உண்மையாகவே குடித்து இதே நோயை வாங்கிக்கொண்டு வந்த ஆள், என்னைப் பார்த்ததிலிருந்து ஒரே குஷியாக இருந்தார்.

"தம்பி எந்தக் கடை? பஸ் ஸ்டாண்டா, தேரடித் தெருவா?"

"நான் குடிக்கறதில்லண்ணே."

"அட, மொதல் வாட்டி நானும் இப்டித்தான் சொன்னேன். மூணாவது வாட்டி வரும்போது டாக்டரு கேக்கவே மாட்டாரு. ஃப்ரீயா வுட்ருவாரு."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னை மட்டமாக நினைக்காமல் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பார்க்க வந்த மாமா செய்ததுதான் தாங்க முடியவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் வைத்துவிட்டு, நான் தூங்குகிறேன் என்று நினைத்து அம்மாவிடம், "படிக்க வெச்சீங்க இல்ல, நல்லா படிச்சிருக்கான்" என்றார். அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அவர் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். "அவனுக்கு வாயில எதுவும் குடுக்கக் கூடாதாம். எடுத்துக்கினு போண்ணா." அந்த வார்டில் என் பக்கம் நின்ற ஒரே செய்கை அதுதான்.

வலி அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் சீட்டை நீட்டியபடியே, "காரம் வேணாம், எண்ணெ வேணாம், சூப்பு கீப்பு குடுங்க" என்றார். அவ்வளவுதான். என்ன சூப், எப்படிச் செய்வது, வெண்ணெய் போடலாமா, பால் சேர்க்கலாமா? கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எங்கள் ஜனங்களில் எத்தனை பேருக்குச் சூப் என்றால் என்னவென்று தெரியும் என்று அவர் நினைத்திருப்பார்?

அம்மாவுக்குத் தெரியும். ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு கஃபேயின் சமையற்கட்டில் அவளுக்குக் காய் நறுக்கும் வேலை. அங்கே கார்ன் சூப் பேர்போனது. வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றி, சோளத்தை அரைத்துவிட்டு, இறக்கும்போது ஒரு கரண்டி க்ரீம். தினம் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். டாக்டர் எண்ணெய் வேண்டாம் என்றதால் வெண்ணெயைச் சேர்க்கவில்லை. க்ரீமை வாங்கவே இல்லை. கிரிவலப் பாதையில் அவித்த சோளம் விற்கிறவரிடம் அவிக்காத கதிராகக் கேட்டு வாங்கி வந்தாள்.

மஞ்சளாக, கெட்டியாக, வழவழவென்று இருந்தது. அத்தனை நாள் பட்டினிக்குப் பிறகு முதல் கரண்டி தொண்டையில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கிண்ணம் குடித்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் செய்தாள். அன்று சாயங்காலம் மறுபடியும் அந்தக் கை உள்ளே நுழைந்து முறுக்கியது.

ஷேர் ஆட்டோவில் குனிந்தபடி போனேன். அதே வார்டு. மணி அண்ணன் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். பெரிய டாக்டர் வாசலிலிருந்தே, "வீட்டுக்குப் போனதும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். "இதுங்களுக்கு வைத்தியம் பண்றதே தெண்டம்."

அப்பா கதவோரம் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். வலியைவிட அதுதான் எரிந்தது. வீட்டைவிட்டு நான் வெளியே போகவே இல்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய பாயில், அவர் பக்கத்தில் கிடந்தவன் நான். தன் கண்ணால் பார்த்ததைவிட டாக்டர் வாயால் சொன்னது அவருக்குப் பெரிதாக இருந்தது.

அன்றைக்கு டூட்டியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். பெரிய டாக்டர் போன பிறகு ஊசி போட வந்தவர் கேட்ட கேள்வி இதுதான்: "கடைசியா என்ன சாப்ட்டீங்க?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. நான் சூப் என்றேன். அம்மா முந்திக்கொண்டு, வெண்ணெய் இல்லை, க்ரீம் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை என்று அடுக்கினாள்.

"பால்?"

"பால் ஊத்துவேன்மா. எதுத்தாப்ல எரும வெச்சிருக்காங்க. தண்ணி கலக்காம குடுப்பாங்க."

"ஆடை எடுத்துட்டுத்தான ஊத்துனீங்க?"

அம்மா அவரை விநோதமாகப் பார்த்தாள். "ஆடைய எதுக்கும்மா எடுக்கணும்? அது அவனுக்குத்தான். பத்தாவது படிக்கறதுலருந்து ஆடை அவனுக்குத்தான் போடுவேன். ஒடம்பு தேறணும்னு வீட்ல இருந்த மொத்த ஆடையும் அடிச்சுக் கலக்கினேன். கஃபேல க்ரீமு போடுவாங்க இல்ல, அந்தப் பதம் வரட்டும்னு."

உண்மைதான். எங்கள் வீட்டில் பால் காய்ச்சினால் ஆடை படிப்பவனுக்கு. அக்காவுக்கும் கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது. ஆடை சாப்பிட்டால் மூளை வளரும் என்று அம்மா யாரிடமோ கேட்டிருந்தாள். அது கொழுப்பு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எண்ணெய் வேண்டாம் என்றார்கள், நிறுத்தினாள். ஆடை எண்ணெயா? அவள் கணக்கில் அது சத்து.

டாக்டரம்மா அம்மாவைத் திட்டவில்லை. முதல் தடவை வலி வந்தபோது என்ன சாப்பிட்டிருந்தேன் என்றும் கேட்டார், பிரியாணி என்றேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னார்: "கல்லீரலுக்கு அடியில ஒரு சின்னப் பை இருக்கும்மா. அதுல பித்தம் இருக்கும். கொழுப்பு உள்ள போனா, அது செரிக்கறதுக்காக அந்தப் பை சுருங்கிப் பித்தத்த வெளிய தள்ளும். பையில கல்லு இருந்தா அதுவும் சேந்து வந்து குழாய்ல மாட்டிக்கும். பிரியாணி சாப்ட்டதும் வலி, ஆடை சாப்ட்டதும் வலி. எனக்கு என்னமோ கல்லுன்னுதான் தோணுது." பிறகு என்னைப் பார்த்து, "ஸ்கேன்ல சரியா தெரியலன்னுதான் போட்டிருக்கு. இல்லன்னு போடல. வெறும் வயித்துல திரும்ப எடுக்கலாம்" என்றார்.

எடுத்தார்கள். மிளகு அளவில் கற்கள். ஒன்றல்ல, ஒரு கூட்டமே.

பெரிய டாக்டர் மறுநாள் ரவுண்ட்ஸில் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ம், ஸ்டோன்ஸ். ஆபரேஷன் பண்ணிடலாம். வீக்கம் வத்தட்டும், அதுவரைக்கும் கொழுப்பு தொடக்கூடாது." கேஸ் ஷீட்டில் இருந்த பழைய வரியின்மேல் ஒரு கோடு போட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆபரேஷனுக்குக் காத்திருந்த வாரங்களில் நானும் அம்மாவும் சேர்ந்து அந்தச் சூப்பைத் திருத்தினோம். பித்தப்பைக் கல்லோடு காத்திருக்கும் யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் எடுத்துச் சொல்லாமல் போயிருக்கலாம். இதை அவரிடம் காட்டிக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

இளசான சோளக் கதிர் இரண்டு. கத்தியால் முத்துகளைச் சீவி எடுத்தபின், கத்தியின் முதுகால் கதிரை அழுத்தி வழித்தால் வெள்ளையாக ஒரு பால் வரும். அதைக் கொட்டிவிடாதீர்கள், சூப்புக்கு வழவழப்பு அதிலிருந்துதான். மொட்டைக் கதிரை உடைத்துத் தண்ணீரில் ஒரு துண்டு இஞ்சியோடு போட்டுக் கொதிக்கவிடுங்கள். மணமெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். கதிரையும் இஞ்சியையும் எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே முத்துகளையும் வழித்த பாலையும் போட்டுக் குழைய வேகவைத்து, ஆறியதும் நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். முதல் தடவை வடிகட்டாமல் கொடுத்ததில் தோல் வயிற்றில் உறுத்தியது. கெட்டிப்படுத்த மைதாவும் வேண்டாம் வெண்ணெயும் வேண்டாம். சோறு வடித்த கஞ்சி ஒரு டம்ளர் ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டால் போதும். பால் பசும்பாலாக இருக்கட்டும். முதல் நாளே காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுங்கள். மறுபடி காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி எடுங்கள். ஆடை கட்டாமல் போகும்வரை இதைச் செய்ய வேண்டும். அந்தப் பாலில் அரை டம்ளர், அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். உப்பு. மிளகு பேருக்கு.

கஃபே சூப் மாதிரி கரண்டியில் ஒட்டாது. ஆனால் மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். குடித்தபின் வயிறு கேள்வி கேட்காது. முதல் நாள் அம்மா ஆடையைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். "அக்காவுக்குக் குடும்மா" என்றேன். அக்கா, "இப்பவாவது எனக்கு மூளை வளரட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அப்பா அப்போதும் பேசவில்லை. கல் என்று தெரிந்த பிறகும். ஒரு மத்தியானம் நான் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். என்னால் அடக்க முடியவில்லை.

"அந்தக் கல்லு தெரியாமப் போயிருந்தா, சாகற வரைக்கும் நான் குடிகாரன்தான உனக்கு?"

"டாக்டரு சொன்னாருடா."

"நானும்தான் சொன்னேன்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுத்தானடா ஒன்னியே படிக்க அனுப்புனேன்" என்றார்.

நான் கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவி வைத்தேன். கோபம் போகவில்லை. அப்பாமேல் கொஞ்சம், மீதியெல்லாம் அவரை அப்படி நம்பவைத்தவர்கள்மேல்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பையோடு கல்லையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது வாயெல்லாம் காய்ந்து, இருமினால் தையல் பிய்ந்துவிடும் போல இருந்தது. அதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

தையல் பிரிக்கப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். தையலைப் பிரித்து முடித்து நாங்கள் நடைக்கு வந்தபோது, பெரிய டாக்டர் எதிரே வேகமாக வந்துகொண்டிருந்தார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். வழக்கம்போல இடுப்பில் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். கட்டவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் வழியில் போய் நின்றார்.

"சார், ஒரு நிமிஷம்."

"என்னப்பா? தையல் பிரிச்சாச்சு இல்ல? கெளம்பு, கெளம்பு."

"எம்புள்ள குடிக்கறான்னு இந்த எடத்துல நின்னுதான் சொன்னீங்க."

"அதான் கல்லுன்னு தெரிஞ்சு எடுத்தாச்சே?"

"கல்லுன்னு சொன்னீங்க சார். குடிக்கலன்னு நீங்க இன்னும் சொல்லல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸம்மா மருந்துத் தட்டோடு நின்றுவிட்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பா நகரவில்லை. கையில் இருந்த துண்டின் முனை ஆடியது.

"சரிப்பா, குடிக்கல. போதுமா?" என்று சொல்லி அவர் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? சொல்லிட்டாரு."

"நான் அப்பவே சொன்னேன்ப்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பேச்சு நின்றுபோனதிலிருந்து அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார்.

"ஆமாண்டா," என்றார். "நீ சொன்ன."